பட்டியலில் 14 குடியிருப்பு, பணம் நாலுக்கு: எதை முதலில் எடுப்பது?

தேயிலைமேடு எழுதியது:

வணக்கம். நீலகிரியில் ஒரு நகராட்சி. ஊர்ப் பெயரைப் போடவில்லை. சின்ன ஊர், போட்டால் எழுதியது யார் என்று சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் சமுதாய அமைப்பாளராக இருக்கிறேன். வருமானம் குறைந்த பகுதிகளுக்குக் குடிநீர் கொடுக்க ஒரு தொகை வந்திருக்கிறது. அதை வைத்துப் புது அணை, புது நீரேற்று நிலையம் என்றெல்லாம் யோசிக்க முடியாது. இருக்கிற தொட்டியில் இருந்து குழாயை நீட்டலாம், வழியில் சின்னத் தொட்டி கட்டலாம், பொதுக்குழாய் வைக்கலாம். பட்டியலில் 14 இடம். நாலு, இழுத்துப் பிடித்தால் ஐந்து இடத்துக்குப் பணம் வரும். எந்த நாலு என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். சமவெளியில் உட்கார்ந்து போட்ட படிவம் என்று பார்த்ததுமே தெரிகிறது. முதல் கேள்வியே 60 வீடு இருக்கிறதா என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அரசு அறிவிக்காவிட்டாலும் குடிசைப் பகுதி என்று அடையாளம் காண, குறைந்தது 300 பேர் அல்லது 60, 70 குடும்பம் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் போல. எங்கள் 14 இடத்தில் இதைத் தாண்டுவது மூன்றுதான். இங்கே 60 வீட்டுக்கு ஒரே இடத்தில் தட்டை நிலம் எங்கே இருக்கிறது? 20 வீடு இந்தப் பக்கம், ஓடையைத் தாண்டி 15 வீடு அந்தப் பக்கம், தேயிலைக்கு நடுவில் இன்னும் ஒரு பத்து.

அடுத்த கேள்வி கூரை. தகர ஷீட் என்றால் ஏழை, கான்கிரீட் என்றால் வசதி. தகரத்தைக் கணக்கில் எடுத்தால் இங்கே எஸ்டேட் பங்களாவும் ஏழைதான். அரசுத் திட்டத்தில் கட்டிய ஓர் அறை கான்கிரீட் வீட்டில், இலை பறித்தால்தான் அன்றைக்கு அடுப்பு என்று இருக்கும் குடும்பம் வசதியானது ஆகிவிடும்.

இரண்டு இடத்தைச் சொல்கிறேன். ஒன்று பாலத்தடி. 70 வீடு, மெயின் ரோடு ஓரம், ஜீப் நிற்கும் இடம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது, வந்தால் இரண்டு மணி நேரமாவது நிற்கிறது. படிவத்தில் இதற்கு நல்ல மதிப்பெண். கவுன்சிலருக்கும் இதுதான் வேண்டும். இன்னொன்று மேல் லைன். 28 வீடு, படிக்கட்டு ஏறித்தான் போக வேண்டும். பொதுக்குழாய் படிக்கட்டின் அடியில் இருக்கிறது. குழாயின் வாயில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி, அதன் மேல் ஹோஸை மாட்டி, கம்பியால் முறுக்கி வைத்திருக்கிறார்கள். கீழே யாராவது குழாயைத் திறந்தால் ஹோஸ் அப்படியே தொங்கிவிடும். அப்போது ஒருத்தி கீழே ஓடிப் போய் “மூடுங்கக்கா” என்று சத்தம் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது.

ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதா, கஷ்டத்தைப் பார்ப்பதா, செலவைப் பார்ப்பதா? இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பழனிமலை ஓவர்சியர் எழுதியது:

வணக்கம் அம்மா. குடிநீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், கொடைக்கானல் பக்கம் இருக்கிறேன். அந்தப் படிவத்தை ஒரு ஓரமாக வையுங்கள். வெள்ளைத் தாளில் 14 இடத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: எந்தத் தொட்டியில் இருந்து தண்ணீர் வருகிறது, அந்தத் தொட்டிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது.

மலையில் ஏழைக்குத் தண்ணீர் வராததற்குப் பாதிக் காரணம் மட்டம். நிலம் மலிவாகவோ சும்மாவோ கிடைப்பது உச்சியிலும் ஓடை ஓரத்திலும்தான், இரண்டுமே குழாய்க்கு ஆகாத இடம். ஒற்றைத் தள வீட்டுக்குக் குழாய் முனையில் 7 மீட்டர் அழுத்தம் (தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும் அளவு) மிஞ்ச வேண்டும், இரண்டு தளம் என்றால் 12 மீட்டர் என்பது 1999 மத்திய அரசுக் கையேட்டில் இருந்த கணக்கு. உராய்வில் போவது தனி. ஆக, தொட்டியின் அடிமட்டத்துக்கு 10 மீட்டர் கீழே இருக்கும் வீடுகூடத் தடுமாறும். உங்கள் மேல் லைன் அந்த ரகம் என்று நினைக்கிறேன். ஊர் தூங்கின பிறகு அங்கே தண்ணீர் ஏறும் பாருங்கள்.

ஓடை ஓரத்துக்காரர் கதை நேர் எதிர். 10 மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். 80 மீட்டர் கீழே இருந்தால் 8 கிலோ. அங்கே 6 கிலோ பிவிசி பைப்பைப் போட்டால் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. நடுவில் ஒரு அழுத்தம் தணிக்கும் தொட்டி கட்டித்தான் ஆக வேண்டும். பைப் வெடித்தால் தண்ணீர் வீணாவது மட்டுமில்லை, சரிவு மண் ஊறும். 2009 நவம்பரில் உங்கள் மாவட்டத்தில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அது அடைமழை, குழாய்க் கசிவு இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட மண்ணில் நாமே வருடம் முழுக்கத் தண்ணீர் கசிய விடக் கூடாது.

இப்படி எழுதிப் பார்த்தால் உங்கள் 14 இடம் ஐந்தாறு தொட்டிக்குள் அடங்கிவிடும். அப்புறம் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், தொட்டியை எடுங்கள். ஒரே சரிவில் இருக்கும் 20 வீடு, 15 வீடு, 25 வீடு மூன்றுக்கும் ஒரே அழுத்தம் தணிக்கும் தொட்டி, ஒரே லைன். காகிதத்தில் 60 வீடு வந்துவிட்டது, படிவக்காரருக்கும் திருப்தி. அவர்கள் மறுத்தால், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 20 குடும்பம் இருந்தாலே குடிசைப் பகுதி என்று எடுத்துக்கொண்டதைச் சொல்லுங்கள். 60தான் என்பது வேத வாக்கு இல்லை.

மட்டம் பார்க்கக் கைபேசியில் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம், பல மீட்டர் தவறு வரும். நில அளவை செய்பவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கொத்தனார் மட்டம் பிடிக்கும் தண்ணீர் ட்யூப் போதும். எல்லா இடத்துக்கும் வேண்டாம், தொட்டிக்குக் கிட்டத்தட்ட சமமாகத் தெரியும் வீடுகளுக்கு மட்டும் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில் என்று பல நீர்த்தேக்கம். குன்னூருக்கு ரேலியா அணை, எமரால்டு திட்டம். ஒரே ஊர் என்றாலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மூலம். சின்ன மூலத்தை நம்பியிருக்கும் தொட்டி முதலில் காயும். ஏப்ரலில் அந்தத் தொட்டி நிரம்புகிறதா என்று அலுவலகப் பதிவேட்டில் தேடாதீர்கள். தண்ணீர் திறந்து விடுகிறாரே, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.


மூஞ்சிக்கல் அக்கா எழுதியது:

சார் சொன்னது சரி. ஆனால் மட்டம் மட்டும் பார்த்தால் மனுஷர் விட்டுப்போவார்கள். நானும் கொடைக்கானல்தான். காட்டேஜில் ரூம் சுத்தம் செய்யும் வேலை, குழுவில் பொருளாளர்.

எப்போது போய்ப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம் தங்கச்சி. ஆகஸ்டில் போனால் எல்லா இடத்திலும் ஊற்று ஓடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஏப்ரல், மே மாதம் போ. ஊற்று வற்றும் மாதமும் வெளியூர்க் கூட்டம் ஏறும் மாதமும் ஒன்றுதான். 2011 கணக்கில் கொடைக்கானல் நகராட்சி மக்கள் 36,501 பேர். மே மாதம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீர் பங்கு போட முடியுமா? 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தும் சீசனில் ரோட்டைக் கடக்க நின்றுகொண்டுதான் இருக்கிறோம். அந்த மாதம் ஒரு நாளில் வேலை செய்யும் காட்டேஜில் பத்து ரூம் பக்கெட்டை நிரப்பி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு குடத்துக்காக வரிசையில் நிற்பவளைக் கேட்டால் உன் பட்டியல் தானாகவே வரும்.

என்ன கேட்பது? “தண்ணி கஷ்டமா” என்று கேட்காதே, எல்லாரும் ஆமாம் என்பார்கள். நேற்று எத்தனை குடம் எடுத்தீர்கள், எங்கிருந்து, போய் வர எவ்வளவு நேரம், கடைசிக் குடம் எத்தனை மணிக்கு வந்தது, யார் எடுத்தது. நேற்று என்று கேள், பொதுவாகக் கேட்காதே. பொதுக்குழாயில் தலைக்கு 40 லிட்டர் கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள் அல்லவா? ஐந்து பேர் வீட்டுக்கு 200 லிட்டர். குடம் 15 லிட்டர் என்றால் 13, 14 குடம். மேல் லைனில் அந்தப் படிக்கட்டில் 14 குடம் யார் தூக்குவார்கள்? ஆறு, ஏழு குடத்தோடு நிறுத்திவிடுவார்கள். துணியை ஓடையில் அலசுவார்கள். பெண் பிள்ளை வளர்ந்த வீடாக இருந்தால் அவள் முதல் பீரியடுக்குப் போக மாட்டாள். இதெல்லாம் கூரையில் தெரியாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் போய்வர, வரிசையில் நிற்க எல்லாம் சேர்த்து 30 நிமிடத்துக்குள் இருந்தால்தான் அடிப்படை வசதி என்று கணக்கெடுக்கிறார்கள். மலையில் தூரத்தை மீட்டரில் கேட்காதே, நிமிடத்தில் கேள்.

வாடகைக்கு இருப்பவர்களையும் மறந்துவிடாதே. ஒரு கதவு எண்ணில் நாலு குடும்பம் இருக்கும், இணைப்பு ஓனர் பெயரில். ஓனர் திருப்பூரில். குழாய் இருக்கிறது என்று டிக் போட்டுவிடுவார்கள், அதைத் திறக்கும் சாவி ஓனரின் மச்சானிடம் இருக்கும். வீட்டை எண்ணாதே, அடுப்பை எண்ணு.


பந்தலூர்ப் பையன் எழுதியது:

அக்கா, உங்கள் 14 இடத்தில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பட்டா இல்லாதவர்கள் பட்டியலுக்குள்ளேயே வர மாட்டார்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் 1969ஆம் வருட ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் (பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழித்த சட்டம்) பிரிவு 17இல் வரும், உரிமை தீராத நிலத்தில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். தாத்தா காலத்தில் இருந்து அதே வீடு, ஆனால் கரண்ட் கனெக்‌ஷன் கேட்டாலே வருடக்கணக்கில் அலைய வேண்டும். குழாய் கேட்டால் பட்டா கேட்பார்கள். ஒரு அலுவலகத்தில் என்னிடம், “உங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் நிலம் உங்களுடையது என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்” என்றே சொன்னார்கள். தேவாலாவில் ஜூன், ஜூலையில் ராத்திரி பகல் தெரியாமல் மழை கொட்டும். அதே ஊரில் மார்ச் மாதம் குடத்தோடு நடப்பார்கள்.

எல்லைக்கோடு இன்னொரு தொல்லை. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு மட்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி என்றால் வீட்டு வாசலில் நீலக் குழாய் நிற்கிறது. இந்தப் பக்கம் நகராட்சி, கிடையாது. இங்கே நகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டமான அம்ருத் 2.0 வர வேண்டும், அது 2021 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் 14இல் எது எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து ஊராட்சியின் லைனில் இருந்து ஒரு கிளை எடுக்கப் பேசினால் உங்கள் பணம் மிச்சம்.


சும்மா பார்ப்பவன் எழுதியது:

எப்படித் தேர்ந்தெடுத்தாலும் கான்ட்ராக்டர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் முதல் குழி வெட்டுவார்கள். அதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? பேசாமல் டூரிஸ்ட்டுக்கு வைத்த மாதிரி ஏழைகளுக்கும் குடிநீர் ஏ.டி.எம். வைத்துவிடுங்கள்.


தேயிலைமேடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏ.டி.எம். சொன்னவருக்கு: அது பாட்டில் நிரப்புகிறவருக்கு. பாட்டில் தண்ணீர் விற்கக் கூடாது என்றான பிறகு டூரிஸ்ட்டுக்காக வைத்தது. அதில் அரிசி களைய முடியாது.

சார் சொன்னபடி தண்ணீர் திறந்து விடுபவரைப் பிடித்தேன். டீயோடு நிற்காமல் பஜ்ஜியும் ஆனது. மனுஷர் ஒரு படமே போட்டுக் கொடுத்தார், சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில். 14 இடமும் ஆறு தொட்டிக்குள் வருகிறது. அதில் இரண்டு தொட்டி ஏப்ரலில் பாதிக்கு மேல் ஏறுவதே இல்லையாம். அந்த இரண்டின் கீழ் மூன்று இடம். அங்கே புதுக் குழாய் போட்டால் காற்றுதான் வரும், முதலில் மூலத்துக்கு வழி பார்க்க வேண்டும் என்கிறார். கேட்க நன்றாக இல்லை, ஆனால் நியாயம்.

மேல் லைனும் அதன் இடப்பக்கச் சரிவில் இருக்கும் இரண்டு சின்ன இடமும் ஒரே தொட்டியில் வருகிறது. மூன்றும் சேர்த்தால் 66 அடுப்பு. அக்கா சொன்ன மாதிரி அடுப்பைத்தான் எண்ணினோம். கதவு எண்படி 53 வீடு. நேற்று எத்தனை குடம் என்று கேட்ட கேள்விக்குப் பாலத்தடியில் 12, 13 என்று பதில் வந்தது. மேல் லைனில் ஐந்து. ஒரு பாட்டி மூன்று என்றார். மருமகள் வேலைக்குப் போன நாளாம்.

இரண்டு சிக்கல் மிச்சம். தம்பி சொன்னது உண்மைதான், 14இல் மூன்று இடம் பட்டா இல்லாத புறம்போக்கு. அவற்றில் ஒன்று ஓடை ஓரம், மண்சரிவு அபாயப் பட்டியலிலும் இருக்கிறது. “அவங்களை எப்படியும் மாத்தப் போறோம், அங்கே எதுக்குக் குழாய்” என்கிறார்கள் அலுவலகத்தில். மாற்றுவோம் என்று ரொம்ப வருடமாகச் சொல்கிறார்கள். அதுவரை அவர்கள் எதைக் குடிப்பது?


பழனிமலை ஓவர்சியர் எழுதியது:

பட்டா விஷயத்துக்கு முன்னுதாரணம் உண்டு. அகமதாபாத்தில் 1990களில் பரிவர்த்தன் என்று ஒரு திட்டம். குடிசைப் பகுதியில் குடும்பத்துக்கு 2000 ரூபாய் பங்கு, பராமரிப்புக்கு 100 ரூபாய் வாங்கினார்கள். மாநகராட்சி பட்டா கொடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு உங்களை வெளியேற்ற மாட்டோம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த உறுதியை நம்பித்தான் மக்கள் பணம் கட்டினார்கள், வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. உங்கள் ஊரில் அவ்வளவு தூரம் எழுதிக் கொடுப்பார்களா, தெரியாது. ஆனால் பொதுக்குழாய்க்குப் பட்டா தேவையே இல்லை. அது தனியார் பெயரில் போகும் இணைப்பு இல்லை. அதனால் அந்த மூன்று இடத்தையும் பொதுக்குழாய் என்ற தலைப்பில் எழுதுங்கள், வீட்டு இணைப்பு என்று எழுதாதீர்கள்.

அபாயப் பட்டியலில் இருக்கும் இடத்துக்குக் குழி வெட்டவே கூடாது. கறுப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப் சுருளாக வரும். அதை மேலோடு இழுத்து, ஆங்காங்கே கம்பியடித்து, கடைசியில் ஒரு பொதுக்குழாய். நாளைக்கு ஆட்களை மாற்றினால் பைப்பையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். மொத்தத் தொகையில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது, அதனால் நாலு இடத்தில் ஒன்றாக இதை எண்ணாமல் தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.

இப்போது ஓடை ஓரத்தார் ஊற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றால் சோதித்துப் பாருங்கள். மேலே இருக்கும் வீடுகளின் கழிவறைக் குழி எல்லாம் அந்தச் சரிவில்தான் இறங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைப் பாட்டில் என்று விலை மலிவாகக் கிடைக்கும். தண்ணீரை ஊற்றி வைத்தால், கெட்டிருந்தால் கறுக்கும். நம் ஊர்க் குளிரில் தாமதமாகும், ஒரே நாளில் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று சொல்லிவிடாதீர்கள். வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். கறுத்த பாட்டிலைக் கூட்டத்துக்கு எடுத்துப் போனால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.


தேயிலைமேடு எழுதியது:

எழுதிவிட்டேன் சார். முதல் இடம் மேல் லைன் தொட்டி, மூன்று குடியிருப்பும் சேர்த்து ஒரே வேலையாக. அடுத்து கீழ்ச் சரிவில் பைப் வெடித்துக்கொண்டே இருக்கும் இடம், அழுத்தம் தணிக்கும் தொட்டியோடு. அப்புறம் பட்டா இல்லாத இரண்டுக்கும் பொதுக்குழாய். ஓடை ஓரத்துக்குச் சுருள் பைப், தனி வரியில். காயும் தொட்டிகளின் கீழ் இருக்கும் மூன்றுக்கும் குழாய் கேட்கவில்லை, மூலத்துக்கு ஆய்வு வேண்டும் என்று எழுதினேன். பாலத்தடி பட்டியலில் எட்டாவது.

கவுன்சிலரிடம் நான் என்ன சொல்வது? அவர் வீடு பாலத்தடியில் இருந்து நாலாவது வளைவு.


மூஞ்சிக்கல் அக்கா எழுதியது:

தனியாகப் போய்ச் சொல்லாதே. 2022 நவம்பரில் இருந்து வார்டுக்குள் பகுதி சபை என்று மக்கள் கூட்டம் கூட்டுகிறார்களே, அடுத்த கூட்டத்தில் வை. குடக் கணக்கைப் பெரிய சார்ட்டில் எழுதி மாட்டு, பாலத்தடி 13, மேல் லைன் 5 என்று. பாலத்தடிப் பெண்களே பார்க்கட்டும். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் லைனில் அக்காவோ நாத்தனாரோ இருப்பார்கள். அப்புறம் அந்தப் பாட்டியை மறக்காமல் கூட்டிக்கொண்டு போ, நடக்க முடியாவிட்டால் ஜீப் பிடி.